கிடா துலுக்கும் வரை

சேலம், நாமக்கல் ஊர்ப்புறங்களில் கல்யாணமோ, கிணறு வெட்டுவதோ, சாமியிடம் பூ வாக்குக் கேட்டுத் தொடங்குவது பழைய வழக்கம். வெள்ளைப் பூவையும் செவ்வரளியையும் ஒரே அளவுப் பொட்டலங்களாகக் கட்டிச் சந்நிதியில் வைப்பார்கள். எந்த நிறத்துக்கு என்ன பொருள் என்பதை முன்பே பேசி முடித்திருப்பார்கள். விவரமறியாத குழந்தைதான் எடுக்கும்.

பலிக்குச் சாமியின் சம்மதம் கேட்பதில் கண்டிப்பு இன்னும் அதிகம். கிடாயின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்துக் காத்திருப்பார்கள். அது சிலிர்த்து உடலை உதறினால், அதாவது துலுக்கினால், அம்மன் ஏற்றுக்கொண்டாள். துலுக்காதவரை அரிவாள் இறங்காது. குற்றம் குறை பொறுக்கும்படி வேண்டி, மறுபடி தெளிப்பார்கள். வேண்டாம் என்று சொல்ல சாமிக்கு இடம்விட்ட இந்த முறை பெரியது.

பழைய கிரேக்கத்தின் டெல்ஃபி கோயிலிலும் நீர் தெளித்த ஆடு உடல் முழுதும் நடுங்கினால்தான் குறி கேட்கலாம் என்றிருந்தது. அங்கே பூசாரியாக இருந்த புளூட்டார்க் ஏறக்குறைய 1,900 ஆண்டுகளுக்கு முன் ஒரு நிகழ்வை எழுதிவைத்தார். நடுங்காத ஆட்டின் மேல் நீரை ஊற்றி ஊற்றிப் பணியவைத்தார்கள். குறி சொல்ல உள்ளே போன பெண் அலறி ஓடிவந்து விழுந்தாள். சில நாளில் இறந்தாள்.

இங்கே தமிழ்நாட்டிலோ, கோயில் பலியையே தடுக்கும் சட்டம் 1950-இல் வந்தது. 2003-இல் கடுமையாக அமலானது, 2004-இல் நீக்கப்பட்டது.