மூணாறை மேற்கே திருப்பிய பாலம்

தாம்பரத்திலிருந்து மூணாறுக்கு வேன் பிடித்துப் போகிற கூட்டம் பெரும்பாலும் தேனி, போடிமெட்டு வழியே ஏறி, வந்த வழியே இறங்கிவிடுகிறது. மலையின் மறுபக்கத்து வாசலான நேரியமங்கலம் பாலம் நம்மவர்கள் கண்ணில் அவ்வளவாகப் படாததற்கு அதுதான் காரணம்.

ஒருகாலத்தில் மூணாற்றுத் தேயிலையும் நம் பக்கம்தான் இறங்கியது. குண்டளைப் பள்ளத்தாக்கின் குட்டி ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, கயிற்றுப்பாதையில் கொட்டகுடிக்குத் தொங்கிக்கொண்டே இறங்கி, போடி வழியாகத் தூத்துக்குடி போய்க் கப்பலேறும். மேற்கே ஆலுவாவுக்கும் பூயம்குட்டி, மாங்குளம் காடு வழியே ஒரு சாலை இருந்தது. 1924 ஜூலை மழை இரண்டிலும் கைவைத்தது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் கேரளத்தில் இன்றும் அதற்கு ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்றே பெயர். கரிந்திரி மலை சரிந்து சாலை போனது. தண்டவாளமும் போனது, அதை மறுபடி போடவே இல்லை.

திருவிதாங்கூர் அரசு பழைய சாலையைச் சீர்செய்து மாரடிக்காமல் நேரியமங்கலம், அடிமாலி வழியே புதிதாக ஒன்று வெட்டியது. கெட்டிக்காரத்தனமான முடிவு. ஆனால் அந்த வழிக்குப் பெரியாற்றைத் தாண்டியாக வேண்டும். அப்படி வந்ததுதான் இந்தப் பாலம்: 214 மீட்டர் நீளம், 5 கண்கள். 1935 மார்ச் 2 அன்று சித்திரைத் திருநாள் மகாராஜா திறந்துவைத்தார்.

நம் நேப்பியர் பாலத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் ஜாடை புரியும். சாலையின் இருபுறமும் கான்கிரீட் வளைவுகள் எழுந்து இறங்கும். கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுத்தால் விரிசல் விடும். வளைவு, பாரத்தை அமுக்கமாக்கிக் கொண்டுபோய்த் தூண்களில் இறக்குகிறது. இழுவிசை வருகிற இடங்களில் உள்ளே கிடக்கும் இரும்புக் கம்பி பார்த்துக்கொள்கிறது. அகலம்தான் வஞ்சனை: 4.9 மீட்டர். ஒரு பஸ் நுழைந்துவிட்டால் எதிரே வரும் லாரி அக்கரையில் நிற்க வேண்டியதுதான்.

இதற்குள் கொச்சியில் துறைமுகப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ கடலைத் தூர்வாரி, 1928 முதல் பெரிய கப்பல்களை உள்ளே வரவழைத்திருந்தார். துறைமுகமும் பாலமும் சேர்ந்து மலையின் வியாபாரத்தை மெல்ல மேற்கே இழுத்துக்கொண்டன. கொழுந்து பறிக்கிற தமிழர்களின் சொந்தபந்தம் மட்டும் கிழக்கேதான் இருந்தது.

2018 வெள்ளத்தில் இடுக்கி நீர்த்தேக்கத்தின் மதகுகளைத் திறந்தபோதும் பாலம் அசையவில்லை. பின்னர், கொச்சியிலிருந்து மூணாறு வழியே தொண்டி வரை போகும் தேசிய நெடுஞ்சாலை 85ஐ அகலப்படுத்துகையில், பக்கத்திலேயே புதுப் பாலத்துக்கு வேலை தொடங்கினார்கள்.

அடுத்த முறை போடி வழியே ஏறுகிறவர்கள் இந்தப் பக்கம் இறங்கிப் பார்க்கலாம். ஆலுவாவில் சென்னைக்கு ரயில் இருக்கிறது. அதே பெரியாற்றின் மேல் 1940இல் திறந்த மார்த்தாண்ட வர்மா பாலமும் அங்கேதான் இருக்கிறது. இதே வளைவு ஜாடை.