தொடர்வரிசைகளில் தெரியாத உறுப்பைக் காணல்

கூட்டுத் தொடர்வரிசையில் அடுத்தடுத்த உறுப்புகளின் வித்தியாசம் மாறாது. பெருக்குத் தொடர்வரிசையில் விகிதம் மாறாது. இலங்கைப் பாடநூல்களில் இவை கூட்டல் விருத்தி, பெருக்கல் விருத்தி. இரண்டிலும் ஐந்து அளவுகள் உண்டு: முதல் உறுப்பு, பொது வித்தியாசம் அல்லது பொது விகிதம், உறுப்புகளின் எண்ணிக்கை, கடைசி உறுப்பு, கூடுதல். பொதுவாக மூன்று தெரிந்தால் மற்ற இரண்டையும் கண்டுவிடலாம். ஆனால் எது தெரியவில்லை என்பதைப் பொறுத்துக் கணக்கின் கடினம் வெகுவாக மாறும்.

இத்தகைய கணக்குகளின் பழைய சான்றுகளுள் முக்கியமானது, கி.மு. 1550 வாக்கில் ஆமோஸ் என்ற எகிப்திய எழுத்தர் படியெடுத்த ரைண்ட் பாப்பிரஸ். அதன் 40ஆம் கணக்கில் 100 ரொட்டிகளை ஐந்து பேருக்குச் சம வித்தியாசத்தில் பங்கிட வேண்டும்; பெரிய மூன்று பங்குகளின் கூடுதலில் ஏழில் ஒன்று, சிறிய இரண்டின் கூடுதலுக்குச் சமமாக இருக்க வேண்டும். ஆமோஸ் மிகச் சிறிய பங்கை 1 என்றும் வித்தியாசத்தை 5½ என்றும் வைத்துக்கொள்கிறார். 1, 6½, 12, 17½, 23 என வரும்; கூடுதல் 60. நூறாக்க ஒவ்வொன்றையும் 1⅔ஆல் பெருக்கினால் சிறிய பங்கு 1⅔, பெரியது 38⅓. அந்த 5½ எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் அவர் சொல்லாமல் விட்டுவிட்டார்! அதே ஏட்டின் 79ஆம் கணக்கில் 7, 49, 343 என ஏழின் அடுக்குகள் 16,807 வரை ஏறுகின்றன, கூடுதல் 19,607.

உறுப்புகளின் எண்ணிக்கையைக் காண்பதுதான் கூட்டுத் தொடரில் கடினமான கேள்வி. அதற்கு ஆரியபட்டர் 499இல் எழுதிய ஆரியபட்டீயம் தெளிவான விதி தருகிறது. முதல் உறுப்பு 5, வித்தியாசம் 3, கூடுதல் 98 என்போம். கூடுதலை வித்தியாசத்தாலும் எட்டாலும் பெருக்கினால் 2,352. முதல் உறுப்பின் இருமடங்கில் வித்தியாசத்தைக் கழித்தால் 7. அதன் வர்க்கம் 49. இரண்டும் சேர்ந்து 2,401, வர்க்கமூலம் 49. அதில் முதல் உறுப்பின் இருமடங்கான பத்தைக் கழித்து, மூன்றால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, பாதியாக்கினால் 7. இருபடிச் சமன்பாட்டின் தீர்வே இது; குறியீடு ஒன்றுகூட இல்லாமல் செய்யுளில் அடக்கியிருக்கிறார்.

பெருக்குத் தொடரில் எண்ணிக்கை அடுக்கில் போய் உட்கார்ந்துவிடுகிறது. 3, 6, 12 என்று போகும் தொடரில் 1,536 எத்தனையாவது என்றால், மூன்றால் வகுத்து 512 பெற்று, அதை 1 வரும்வரை இரண்டால் வகுத்துக்கொண்டே போகலாம். ஒன்பது முறை வகுபடுவதால் அது 10ஆவது உறுப்பு. விகிதம் 1.08 ஆனால் இந்த வழி உதவாது. ஜெர்மானியர் ஸ்டீஃபல் 1544இல் இரண்டு தொடர்களையும் மேலும் கீழுமாக எழுதி, கீழே பெருக்கினால் மேலே கூட்டலாகும் என்று காட்டினார். இந்த உறவைக் கொண்டு அடுக்கைக் கண்டறிய உதவும் மடக்கை அட்டவணையைக் கணிதவியலாளர் நேப்பியர் 1614இல் வெளியிட்டார். 8 சதவீதக் கூட்டுவட்டியில் பணம் இரட்டிக்க 9 ஆண்டுக்குச் சற்றே கூடுதலாகும் என்பதை மடக்கை கொண்டு இரண்டு வரியில் போட்டுவிடலாம்.

மிஞ்சுவது விகிதம். முதல் உறுப்பு, எண்ணிக்கை, கூடுதல் மூன்றும் தெரிந்து விகிதம் தெரியாவிட்டால், எண்ணிக்கையைவிட ஒன்று குறைந்த படியுள்ள சமன்பாடு வரும். ஐந்தாம் படிப் பொதுச் சமன்பாட்டுக்கு வர்க்கமூலம், கனமூலம் போன்ற மூலங்கள் வழியான சூத்திரமே கிடையாது என்று கணிதவியலாளர் ஏபெல் 1824இல் நிறுவினார். கடன் தவணைக் கணக்கும் இத்தகைய பெருக்குத் தொடரே: கடன் தொகை, மாதத் தவணை, மாதங்களின் எண்ணிக்கை மூன்றையும் கொடுத்து வட்டி வீதத்தைக் கேட்டால், கணினி இன்றும் ஒரு மதிப்பை வைத்துப் பார்த்து, திருத்தித் திருத்தியே விடையை நெருங்குகிறது.