விடுமுறை நாளும் இடுப்புக் குழந்தையும்

ஆண்டுதோறும் ஜனவரி 26 அன்று சென்னையில் குடியரசு தின அணிவகுப்பு நடக்கிறது. பள்ளிக் குழந்தைகள் சீருடையில் வரிசையாக வருகிறார்கள், பெற்றோர் பெருமையோடு பார்க்கிறார்கள். அதே நாளில் தமிழ்நாடு முழுவதும் ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. சென்னைக்கு வடக்கே, எண்ணூரைத் தாண்டி, கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவே கிடக்கும் காட்டுப்பள்ளிப் பகுதியிலும், பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள மீனவ ஊர்களிலும் அந்த நாள் வெறும் விடுமுறை நாள் அல்ல. ஊர்ப் பிரச்சினையைத் தீர்மானமாக எழுதி அரசுக்கு அனுப்பும் நாள்.

சென்னை அணிவகுப்பில் நடக்கும் குழந்தையைப் பார்த்து "இதற்கு ஏன் வெயிலில் இந்தச் சிரமம்?" என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் ஒரு தாய் தன் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கோரிக்கை அட்டையோடு தெருவில் இறங்கினால், "குழந்தையை ஏன் அரசியலுக்கு இழுக்கிறீர்கள்?" என்ற கேள்வி உடனே வந்துவிடுகிறது. இந்தக் கேள்விக்கு நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

முதலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்று விடுமுறையாக இருக்கும் நாட்கள் சில, ஒரு காலத்தில் ஊர்வலமாக இருந்தவை. 1929 டிசம்பரில் லாகூரில் கூடிய காங்கிரஸ் மாநாடு முழுச் சுதந்திரமே குறிக்கோள் என்று அறிவித்தது. அதன்படி 1930 ஜனவரி 26 சுதந்திர நாளாகக் கடைப்பிடிக்கப்பட்டது. அன்று அது அரசு விடுமுறை அல்ல, அரசை எதிர்த்து உறுதிமொழி எடுத்த நாள். அந்தத் தேதியின் நினைவாகவே 1950-இல் அரசியலமைப்புச் சட்டம் ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தது. மே தினமும் அப்படித்தான். இந்தியாவில் முதல் மே தினத்தை 1923-இல் சென்னைக் கடற்கரையில் கொண்டாடியவர் சிங்காரவேலர். அவர் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். இன்று ஜனவரி 26, மே 1 ஆகிய இரண்டு நாட்களிலும் கிராம சபை கூடுகிறது.

குழந்தைகளை வரிசையில் நிறுத்தும் பழக்கத்தை அரசுகளும் நன்றாகவே அறிந்திருந்தன. விக்டோரியா மகாராணியின் பிறந்த நாளான மே 24-ஐ ஆங்கிலேயர் 'பேரரசு தினம்' என்று கொண்டாடினார்கள். பிள்ளைகள் வரிசையில் நின்று யூனியன் ஜாக் கொடிக்கு வணக்கம் செலுத்த வேண்டும். அதுவும் அரசியல்தான். எதிர்ப்பு இல்லாத அரசியல் என்பதால் அது அரசியலாகத் தெரியவில்லை.

சுதந்திரப் போராட்டம் இதற்குப் பதில் சொன்னது. 1930-இல் சட்டமறுப்பு இயக்கம் தொடங்கியபோது ஊர் ஊராக விடியற்காலை பஜனை ஊர்வலங்கள் நடந்தன. அலகாபாத்தில் 12 வயது இந்திரா 'வானர சேனை' என்ற சிறுவர் அமைப்பில் முன்னின்றார். கொடி தைப்பது, செய்தி கொண்டு போவது, அறிவிப்பு ஒட்டுவது ஆகியவை பிள்ளைகளின் வேலை. இதைக் காங்கிரஸ்காரர்கள் பெருமையாகவே பேசினார்கள்.

எட்டே ஆண்டுகளில் நிலைமை மாறியது. 1937-இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் ஆட்சி அமைந்தது. 1938 ஏப்ரலில் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தி கட்டாயப் பாடம் என்று அரசாணை வந்தது. எதிர்ப்பு கிளம்பியது. ஆகஸ்ட் 1 அன்று திருச்சியிலிருந்து புறப்பட்ட தமிழர் படை ஊர் ஊராக நடந்து செப்டம்பர் 11 அன்று சென்னை வந்தது. அந்தப் படையில் நடந்த பெண் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார்.

நவம்பர் 13 அன்று சென்னையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு கூடியது. ஈ.வெ.ராவுக்குப் 'பெரியார்' என்ற பட்டத்தைத் தந்த மாநாடு இதுதான். மறுநாள் நவம்பர் 14 அன்று டாக்டர் தருமாம்பாள், இராமாமிர்தம் அம்மையார், மலர்முகத்தம்மையார், பட்டம்மாள், சீதம்மாள் ஆகியோர் இந்து தியாலஜிக்கல் பள்ளி முன்பு மறியல் செய்து கைதானார்கள். ஆறு வாரச் சிறைத் தண்டனை. சீதம்மாள் தன் சிறு குழந்தைகளோடு சிறைக்குப் போனார். அவரைத் தொடர்ந்து வேறு தாய்மார்களும் அப்படியே போனார்கள். 1940 பிப்ரவரி வரை நடந்த அந்தப் போராட்டத்தில் கைதானவர்கள் 1,198 பேர். சிறை சென்ற பெண்கள் 73 பேர், அவர்களோடு சிறைக்குள் இருந்த குழந்தைகள் 32.

முப்பத்திரண்டு என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் ஒவ்வொன்றும் பால் குடிக்கிற, அல்லது தாயை விட்டுப் பிரிய முடியாத வயதில் இருந்த ஒரு பிள்ளை. ஆண் மறியலுக்குப் போனால் பிள்ளையை வீட்டில் மனைவி பார்த்துக்கொள்வாள். மனைவி போனால் யார் பார்ப்பது? குழந்தையை அழைத்து வராதே என்று சொல்வது, பல பெண்களுக்கு நீயே வராதே என்று சொல்வதற்குச் சமம்.

அரசு என்ன செய்தது? பெண்களை மறியலுக்குத் தூண்டினார் என்று பெரியார் மீது வழக்குப் போட்டு 1938 டிசம்பரில் சிறைத் தண்டனை வாங்கித் தந்தது. அதாவது அந்தப் பெண்கள் தாங்களாகவே வந்திருக்க முடியாது என்பது அரசின் எண்ணம். வானர சேனையைக் கொண்டாடிய கட்சியின் ஆட்சியில் இது நடந்தது என்பது கவனிக்கத்தக்கது. நேற்று பிள்ளைகளோடு நடந்தவர்கள் இன்று நாற்காலியில் அமர்ந்ததும் அதே காட்சி அவர்களுக்குத் தவறாகத் தெரிகிறது. காங்கிரஸ் அமைச்சரவை விலகிய பிறகு, 1940 பிப்ரவரியில் கட்டாய இந்தி கைவிடப்பட்டது.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய கதை அல்ல. 1903 ஜூலையில் அமெரிக்காவின் பிலடெல்பியாவிலிருந்து மதர் ஜோன்ஸ் என்ற தொழிற்சங்கத் தலைவர் நூற்பாலைகளில் வேலை செய்த குழந்தைகளைத் திரட்டி, ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் கோடைக்கால வீட்டை நோக்கி நடந்தார். இயந்திரத்தில் விரல் இழந்த பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். ரூஸ்வெல்ட் சந்திக்க மறுத்துவிட்டார். 1963 மே மாதம் பர்மிங்காம் நகரில் நிறவெறிக்கு எதிராக ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். காவல்துறை நாய்களையும் தண்ணீர்க் குழாய்களையும் ஏவியது. அப்போது பிள்ளைகளை முன்னே நிறுத்தியதைக் கண்டித்தவர்களில் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்சும் ஒருவர்.

ஆகவே எதிர்ப்பவர்கள் எல்லோரும் உள்நோக்கம் கொண்டவர்கள் என்று தள்ளிவிட முடியாது. ஆபத்து உண்மையானது. 2012 செப்டம்பரில் கூடங்குளம் அணு உலையை எதிர்த்து இடிந்தகரை மக்கள் கடற்கரையில் கூடியபோது பெண்களும் குழந்தைகளும் திரளாக இருந்தார்கள். அந்தக் கூட்டத்தின் மீதுதான் கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாள் ஊர்வலம் குடும்பம் குடும்பமாகத்தான் புறப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்களில் அப்போதுதான் பள்ளிப் படிப்பை முடித்திருந்த ஒரு மாணவியும் உண்டு. இதைப் படித்த பிறகு எந்தத் தாய்க்கும் கை நடுங்கத்தான் செய்யும். ஆனால் அந்தத் துப்பாக்கிக்குப் பதில் சொல்ல வேண்டியது பிள்ளையை அழைத்து வந்தவரா, சுட்டவரா என்ற கேள்வியும் சேர்ந்தே எழ வேண்டும். அருணா ஜெகதீசன் ஆணையம் காவல்துறையின் மீதே குற்றம் கண்டது.

அப்படியானால் எது சரி? ஒரு அளவுகோல் வைத்துப் பார்க்கலாம். எந்தக் காரியத்துக்காக நடக்கிறார்களோ, அது அந்தக் குழந்தையின் காரியமா? நூற்பாலைப் பிள்ளைகளுக்கு அது அவர்களுடைய விரல். பர்மிங்காம் மாணவர்களுக்கு அது அவர்களுடைய பள்ளியும் தெருவும். 1938-இல் அது அந்தப் பிள்ளைகள் நாளை உட்காரப்போகும் வகுப்பறை. ஒரு தலைவரின் பிறந்த நாளுக்கோ, ஒரு கட்சியின் கூட்டத்துக்கு எண்ணிக்கை காட்டவோ பிள்ளைகளை வெயிலில் நிறுத்துவது இந்த அளவுகோலில் தேறாது. அரசு விழாவானாலும் தேறாது.

இதே அளவுகோலோடு காட்டுப்பள்ளிக்கு வருவோம். கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் வந்தபோது காட்டுப்பள்ளிக் குப்பம் கடற்கரையிலிருந்து இடம் பெயர்க்கப்பட்டது. 2018-இல் அந்தத் துறைமுகம் அதானி குழுமத்தின் கைக்கு மாறியது. அதன் பிறகு வந்த விரிவாக்கத் திட்டத்தின் கணக்கு இது: பரப்பு ஏறத்தாழ 6,110 ஏக்கர், செலவு சுமார் 53,000 கோடி ரூபாய், ஆண்டுக்குக் கையாளும் சரக்கு 2.46 கோடி டன்னிலிருந்து 32 கோடி டன்னாக உயரும். கடல் அரிக்கும், ஏரியின் முகத்துவாரம் கெடும், தொழில் போகும் என்று பழவேற்காட்டு மீனவர்கள் எதிர்த்தார்கள். 2021 ஜனவரி 22 அன்று நடக்க இருந்த மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. 2023 செப்டம்பர் 5-க்கு அறிவிக்கப்பட்ட கூட்டமும் தள்ளிப்போனது.

மீனவ ஊர்களில் ஊர்க் கட்டுப்பாடு என்று ஒன்று உண்டு. இன்று யாரும் தொழிலுக்குப் போகக் கூடாது, எல்லோரும் வர வேண்டும் என்று ஊர் சொன்னால் வீடு பூட்டப்படும். வீட்டோடு வந்தால் பிள்ளையும் வரும். அங்கே குழந்தையை யாரும் தனியாக 'அழைத்து' வருவதில்லை, விட்டுவிட்டு வர ஆள் இல்லை.

ஒரு துறைமுகம் ஐம்பது, நூறு ஆண்டுகளுக்கு நிற்பது. அதன் லாபத்தையோ நஷ்டத்தையோ நெடுங்காலம் அனுபவிக்கப் போகிறவர்கள் இன்று ஐந்து வயதில் இருப்பவர்கள். ஆனால் கிராம சபையில் உறுப்பினராக வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். குழந்தைக்கு அங்கே கை தூக்க உரிமை இல்லை. ஜனவரி 26 அன்று அந்தக் குழந்தை கொடி பிடித்து நடந்தால் மிட்டாய் தருகிறோம். அதே குழந்தை தன் ஊர் இருக்க வேண்டும் என்று தாயின் இடுப்பில் அமர்ந்து வந்தால் ஏன் முகம் சுளிக்கிறோம் என்பதை நாம் ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டும்.