நியூயார்க்கின் திறந்த கதவு

வாக்குச் சீட்டு எதற்குப் பயன்படும் என்று கேட்டால், ஆட்சியை மாற்றப் பயன்படும் என்போம். ஒரு நகரத்து மக்களோ அதைக் கொண்டு கல்லூரி கட்டினர். 1847 ஜூன் திங்களில் நியூயார்க் நகரத்தார் முன் ஒரு கேள்வி வைக்கப்பட்டது. மக்கள் வரிப்பணத்தில், கட்டணம் ஏதுமின்றி உயர்கல்வி தரும் கழகம் ஒன்று வேண்டுமா, வேண்டாமா? வேண்டும் என்றோர் 19,305 பேர். வேண்டாம் என்றோர் 3,409 பேர். இன்று 25 கல்விக் கூடங்களும் இரண்டு இலட்சத்திற்கு மேற்பட்ட மாணவர்களும் கொண்டு விளங்கும் நியூயார்க் நகரப் பல்கலைக் கழகத்தின் வேர், அந்த வாக்குப் பெட்டியிலே இருக்கிறது.

இதற்கு வழி வகுத்தவர் டவுன்சென்ட் ஹாரிஸ் என்ற வணிகர். இளவயதிலேயே பள்ளியை விட்டுக் கடைக்குப் போனவர். கல்வியைத் தாமே தேடிக் கொண்டவர். செல்வர் வீட்டுப் பிள்ளையும் ஏழை வீட்டுப் பிள்ளையும் ஒரே பலகையில் அமரட்டும், உழைப்பும் ஒழுக்கமும் அறிவும் தவிர வேறு வேற்றுமை அங்கே வேண்டாம் என்பது அவர் கொள்கை. 1849இல் கதவு திறந்தது. ஆண் பிள்ளைகளுக்கு மட்டுந்தான்! பெண்கள் 1870 வரை காத்திருந்தனர். அவர்களுக்கெனத் தனிக் கல்லூரி தோன்றிற்று. அதுவே பின்னர் ஹண்டர் கல்லூரி என்று பெயர் பெற்றது.

1907இல் ஆண்கள் கல்லூரி ஹார்லெம் பகுதியின் மேட்டு நிலத்திற்குக் குடியேறியது. 1920களில் புகழ் மிக்க தனியார் பல்கலைக் கழகங்கள் யூத மாணவரின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டின. அங்கே தள்ளப்பட்டோர் இங்கே வந்தனர். தையற் கூடங்களில் உழைத்தவர்களின் மக்கள், கட்டணமின்றிக் கற்றனர். இளம்பிள்ளை வாதத்திற்குத் தடுப்பு மருந்து கண்ட ஜோனாஸ் சால்க் 1934இல் இங்கே பட்டம் பெற்றவர். ஹண்டர் கல்லூரியில் பயின்ற கெர்ட்ரூட் எலியன், ரோசலின் யாலோ என்ற இரு பெண்மணிகளும் மருத்துவத்தில் நோபல் பரிசு பெற்றனர்.

பெருமையைச் சொன்னோம், சிறுமையையும் சொல்லியாக வேண்டும். பகுத்தறிவாளர் பலர் போற்றும் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல், 1940இல் அளவை நூலும் கணிதத் தத்துவமும் கற்பிக்க இக்கல்லூரியில் அமர்த்தப்பட்டார். விட்டார்களா மதவாதிகள்? பாதிரிமார் தலைவர் ஒருவர் கண்டனக் கணையைத் தொடுத்தார். தம் மகள் கெட்டுப் போவாள் என்று ஒரு தாயார் வழக்கு மன்றம் ஏறினார். அந்தப் பெண் அக்கல்லூரி மாணவியே அல்லள். கலைப் பிரிவின் பகல் வகுப்பில் பெண்களைச் சேர்ப்பதும் அன்று இல்லை! ஆயினும் நீதிபதி நியமனத்தை இரத்துச் செய்தார். அந்தப் பதவிக்கான பணத்தை நகரத் தந்தை வரவு செலவுத் திட்டத்திலிருந்தே நீக்கினார். பத்தாண்டு கழித்து அதே ரஸ்ஸலுக்கு இலக்கிய நோபல் பரிசு கிட்டிற்று. கருவூலத்தின் சாவி அரசியலார் கையில் இருக்கும் கல்விக் கூடத்திற்கு இந்த ஆபத்து என்றும் உண்டு. அவர்கள் அஞ்சினால் அறிஞனுக்கு அங்கே இடமில்லை.

1961இல் நகரக் கல்லூரிகள் ஒன்றிணைந்து பல்கலைக் கழகமாயின. கட்டணம் அப்போதும் இல்லை. ஆனால் மதிப்பெண் என்ற மதில் உயர்ந்து கொண்டே போயிற்று. கல்லூரி நிற்பதோ கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெமில். உள்ளே இருந்தோரில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர். 1969 ஏப்ரலில் கறுப்பின மாணவரும் போர்ட்டோ ரிக்கோ மாணவரும் வளாகத்தின் தென்பகுதியைக் கைப்பற்றிக் கதவடைத்தனர். நகரத்து உயர்நிலைப் பள்ளிகளில் எந்த இனத்தார் எந்த அளவில் பயில்கின்றனரோ, கல்லூரியிலும் அந்த அளவில் இடம் வேண்டும் என்றனர். 1975இல் செய்வதாக இருந்த மாற்றம் 1970இலேயே வந்தது. நகரத்து உயர்நிலைப் பள்ளியை முடித்த எவர்க்கும் பல்கலைக் கழகத்தில் இடம் உண்டு! முதலாண்டு மாணவர் தொகை ஒரே ஆண்டில் ஏறக்குறைய 20,000இலிருந்து 35,000 ஆயிற்று. போராடியவர் கறுப்பர், பயன் அடைந்தோரிலோ, இத்தாலிய, ஐரிஷ் தொழிலாளர் வீட்டு வெள்ளைப் பிள்ளைகளும் ஏராளம்.

உடனே எழுந்தது கூச்சல். 'தகுதி போயிற்று, தரம் தாழ்ந்தது!' இந்தச் சொற்கள் நம் செவிக்குப் புதியன அல்ல. பின்தங்கிய பள்ளிகளிலிருந்து வந்தோர்க்குத் துணைப் பாடம் தேவைப்பட்டது உண்மை. போதிய ஆசிரியரின்றிக் கல்லூரிகள் திணறியதும் உண்மை. அதற்கு மருந்து, மேலும் பணம். நடந்ததோ வேறு. 1975இல் நகரக் கருவூலம் வற்றியது. 1976இல் கட்டணம் புகுந்தது. வறுமையும் போரும் நிறைந்த 129 ஆண்டுகளில் நுழையாத கட்டணம், கறுப்பர்கள் பெருந்தொகையாக உள்ளே வந்த ஆறாம் ஆண்டில் நுழைந்தது! பணமுடை பொய்யன்று, ஆயினும் 1930களின் பெரும் பஞ்சத்திலும் இந்தக் கை நீளவில்லையே என்று கேட்காதிருக்க நம்மால் இயலவில்லை. 1999இல் நான்காண்டுக் கல்லூரிகளில் துணைப் பாடங்களையும் நிறுத்த முடிவாயிற்று.

அந்தத் திறந்த கதவின் வழியே 1970களில் நுழைந்த பெண்கள் ஏறக்குறைய 2,000 பேரை, முப்பது ஆண்டுகளுக்குப் பின் பால் அட்டெவெல், டேவிட் லாவின் என்ற ஆய்வாளர்கள் தேடிக் கண்டனர். 2007இல் அவர்களின் நூல் வெளிவந்தது. வேலைக்குப் போய், பிள்ளை பெற்று, இடையில் நின்று, மீண்டும் வந்து படித்து, பத்தில் ஏழு பேருக்கு மேல் பட்டம் பெற்றிருந்தனர்.