தாத்தாவின் துப்பாக்கி, பேரனின் தோட்டா

கொஞ்சம் நீளமான த்ரெட். துப்பாக்கி பத்தி டாக்டருக்கு என்ன வேலைன்னு கேட்காதீங்க, போகப் போக நம்ம டிபார்ட்மென்டுக்கே வந்து சேரும்.

எம்.பி.பி.எஸ்.-ல ஃபாரன்சிக் மெடிசின் படிச்சவங்களுக்கு ஞாபகம் இருக்கும். வேகமான வேட்டை ரைபிள் குண்டு பாய்ஞ்ச உடம்பை எக்ஸ்ரே எடுத்தா, குண்டு போன வழி முழுக்க வெள்ளை வெள்ளையா பொடிப் புள்ளிகள் தெரியும். 'லெட் ஸ்நோஸ்டார்ம்', அதாவது ஈயப் பனிப்புயல்னு பேரு. பரீட்சையில ரெண்டு வரி எழுதிட்டு மறந்துட்டோம். அமெரிக்காவுல அதே மாதிரிப் படத்தைப் பார்த்து வேட்டைக்காரங்க ஆடிப்போயிட்டாங்க. ஏன்னா அந்தப் படத்துல இருந்தது கறி. அவங்க வீட்டுப் பிள்ளைங்க சாப்பிடுற மான் கறி.

முதல்ல துப்பாக்கிக்கு வருவோம்.

இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட வேட்டைக் காலம் முடிஞ்சது, நல்லதுதான். அமெரிக்க கிராமங்களில் அது இன்னும் சட்டப்படி நடக்கிற குடும்ப வழக்கம். மான் சீசன் வந்தா அப்பா, மகன், பேரன்னு சேர்ந்து கிளம்புவாங்க. அடுத்த பல மாசத்துக்கு ஃப்ரீசரில் அந்தக் கறிதான். நம்ம வீட்ல பாட்டியோட அட்டிகை கைமாறுற மாதிரி அங்கே தாத்தாவோட ரைபிள் கைமாறும். அப்படிக் கைமாறுறதுல ரொம்பப் பிரபலமானது வின்செஸ்டர் 94. கவ்பாய் படங்களில் ட்ரிக்கருக்குக் கீழே இருக்கிற வளையத்தைத் தள்ளி இழுத்து சுடுவாங்களே, அந்த ரகம்.

ஜான் மோசஸ் பிரவுனிங் வடிவமைச்ச துப்பாக்கி. கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரத்துல 1894-ல் தயாரிப்பு ஆரம்பம். பத்து லட்சமாவது துப்பாக்கி 1927-ல் ஜனாதிபதி கால்வின் கூலிட்ஜுக்குப் பரிசாப் போச்சு. மொத்தம் 70 லட்சத்துக்கும் மேல செஞ்சிருக்காங்க.

இது பிறந்த நேரம் முக்கியம். அதுவரைக்கும் துப்பாக்கிக்கு கருமருந்துதான், சுட்டா ஒரே புகை மண்டலம். 1884-ல் பால் வியெய்ங்கிற பிரெஞ்சு வேதியியலாளர் புகையில்லா மருந்தைக் கண்டுபிடிச்சார். அதை வச்சு வின்செஸ்டர் 1895-ல் கொண்டுவந்த தோட்டாதான் .30-30. முதல் 30 குண்டோட விட்டம், அங்குலத்தில் நூற்றில் முப்பது பங்கு. ரெண்டாவது 30, உள்ளே அடைச்ச மருந்து 30 கிரெயின். புது மருந்தோட அழுத்தத்துக்காகவே குழலை நிக்கல் எஃகுல செஞ்சாங்க.

கருமருந்து காலத்துல இந்த மாதிரித் துப்பாக்கியோட குண்டு வினாடிக்கு 1,300, 1,400 அடி வேகத்துல போகும். புது மருந்துல அது 2,000 அடியைத் தொட்டது. அந்த வேகத்துல வெறும் ஈயம் குழலோட வரிப்பள்ளத்தில் நிக்காது, உரிஞ்சுடும். அதனால செம்பு உறை போட்டாங்க. ஆனா மான் உடனே விழணும்னா குண்டு உடம்புக்குள்ள போய் விரியணும். அதுக்காக மூக்குல மட்டும் ஈயத்தைத் திறந்து விட்டாங்க. எலும்புல மோதினா அந்த மூக்கு சிதறும். நம்ம பனிப்புயல் ஆரம்பிக்கிற இடம் இதுதான்.

இப்போ பேரன் கைக்கு வரலாம். தாத்தா துப்பாக்கி கிடைச்சதும் நேரா காட்டுக்குப் போகக்கூடாது. துப்பாக்கி மெக்கானிக் கிட்ட காட்டி குழல், அறை, பூட்டு எல்லாம் பார்க்கணும். பழைய தோட்டாக்களோட பிரைமர்ல பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடிச்சா மிச்சம் பொட்டாசியம் குளோரைடு. ஆமா, நம்ம வார்டுல பார்த்துப் பார்த்துப் போடுற அதே கே.சி.எல்.தான்! உப்பு ஈரத்தை இழுக்கும், குழல் உள்ளே துருப்பிடிச்சுக் குழி விழும். சுட்டதும் வெந்நீர் ஊத்திக் கழுவின தாத்தாவோட துப்பாக்கிதான் பேரனுக்கு மிஞ்சும்.

அடுத்த பிரச்சனை கண்ணு. நாற்பத்தஞ்சு வயசுல துப்பாக்கி கைக்கு வரும்போது வெள்ளெழுத்தும் கூடவே வந்திருக்கும். பின்பக்க சைட், முன்பக்க சைட், மான் மூணையும் ஒரே நேரத்துல அந்தக் கண்ணால தெளிவாப் பார்க்க முடியாது. இதுக்கு நூறு வருஷத்துக்கு முன்னாடியே வைத்தியம் உண்டு: கண்ணுக்குப் பக்கத்துல சின்ன ஓட்டை போட்ட பீப் சைட். கண் ஓ.பி.-யில பின்ஹோல் வச்சுப் பார்க்கச் சொல்றோமே, அதே தத்துவம்.

டெலஸ்கோப் மாட்டலாமேன்னு கேட்பீங்க. பழைய 94-ல காலி உறை நேரா மேலே தெறிக்கும், ஸ்கோப் நடுவுல நிக்கும். கம்பெனி 1982-ல்தான் உறை பக்கவாட்டில் தெறிக்கிற மாதிரி மாத்துனாங்க. இன்னொண்ணு, 1964-ல் செலவைக் குறைக்க தயாரிப்பு முறையை மாத்தினதால அதுக்கு முந்தின துப்பாக்கிக்கு தனி மவுசு. அதுல ஸ்கோப்புக்குப் புதுசா துளை போட்டா பாதி மதிப்பு போயிடும்னு சேகரிக்கிறவங்க கத்துவாங்க. தாத்தா கை பட்ட இரும்பை ஏன் துளைக்கணும்? எனக்கும் பீப் சைட்தான் சரின்னு படுது.

இவ்வளவு யோசிச்ச குடும்பங்கள் ரொம்ப நாள் யோசிக்காம விட்டது குண்டு பத்தி.

முதல்ல காட்டிக்கொடுத்தது ஒரு பறவை, கலிஃபோர்னியா காண்டர். 1982-ல் உலகத்துலயே 22 மட்டும்தான் மிச்சம். பிடிச்சு, கூண்டுல இனப்பெருக்கம் செய்ய வச்சு, திரும்பக் காட்டுல விட்டா, மறுபடி சாவு. வேட்டைக்காரங்க விட்டுட்டுப் போன குடலையும் கழிவையும் தின்னதுல ரத்தத்துல ஈயம். நம்ம ஊர் பாறு கழுகு டைக்ளோஃபெனாக் ஊசி போட்ட மாட்டைத் தின்னு செத்துச்சே, கிட்டத்தட்ட அதே கதை. மாட்டுக்கு அந்த மருந்தை 2006-ல்தான் தடை பண்ணோம்.

நார்த் டகோட்டா மாநிலத்துல ஒரு தோல் டாக்டர், அவரும் வேட்டைக்காரர், இந்தப் பறவை எக்ஸ்ரேயைப் பார்த்துட்டு ஒரு கேள்வி கேட்டார்: அதே கறியைத்தானே நாமளும் சாப்பிடுறோம்? ஏழைகளுக்குன்னு தானமாக் கொடுத்த மான் கொத்துக்கறிப் பாக்கெட்டுகளை வாங்கி ஸ்கேன் எடுத்தார். பாதிக்கு மேல ஈயத்துணுக்கு. 2008 மார்ச்ல, இருப்பில் இருக்கிற தான மான்கறியை எல்லாம் தூக்கிப் போடுங்கன்னு மாநில சுகாதாரத்துறை சொல்லிடுச்சு. தானம் கொடுத்தவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அதே வருஷம் மினசோட்டாவில் சுட்டுப் பார்த்து சோதிச்சாங்க. காயத்திலிருந்து ஒரு அடிக்கும் மேல தள்ளி துணுக்கு கிடைச்சது. காயத்தைச் சுத்தி மட்டும் வெட்டி எறிஞ்சா போதும்னு தலைமுறை தலைமுறையா நம்பினது தப்பு.

நியாயமா இன்னொரு பக்கமும் சொல்லணும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அங்கே 700க்கும் மேற்பட்டவங்க ரத்தத்தை சோதிச்சது. வேட்டைக்கறி சாப்பிட்டவங்களுக்கு ஈயம் சராசரியா டெசிலிட்டருக்கு 0.3 மைக்ரோகிராம்தான் அதிகம். யாரும் ஈய நஞ்சுல ஆஸ்பத்திரிக்கு வரலை. 'இது வேட்டையை ஒழிக்கிற சதி'ன்னு துப்பாக்கி அமைப்புகள் கொதிச்சதுக்கு இந்த நம்பரும் கை கொடுத்துச்சு.

ஆனா ஒரு டாக்டரா நான் இதை வேற மாதிரி படிக்கிறேன். ஈயத்துக்கு 'இவ்வளவு வரைக்கும் பரவாயில்லை'ன்னு ஒரு அளவே கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. பெரியவங்க உடம்பு தாங்குறது குழந்தையோட மூளைக்கும் வயித்துல இருக்கிற கருவுக்கும் தாங்காது. ஈய பெட்ரோலை நாம 2000-ல் நிறுத்தினதும் இந்தக் கணக்குலதான். தவிர்க்கிறது சுலபம்னா ஏன் தவிர்க்கக்கூடாது?

சுலபம்தான். முழுக்கச் செம்பால ஆன வேட்டைக் குண்டு 1980-களிலேயே வந்தாச்சு. பூ மாதிரி இதழ் விரியும், பெரும்பாலும் சிதறாது. கலிஃபோர்னியா 2013-ல் சட்டம் போட்டு, 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயக்குண்டையே முழுசா நிறுத்திடுச்சு. விலை கொஞ்சம் கூட, அது உண்மை.

130 வருஷப் பழைய வடிவத்துக்கு இது ஒத்துப்போகுமா? .30-30க்கும் செம்புக் குண்டு கிடைக்குது. ஒரே ஒரு விஷயம் பார்க்கணும்: இந்தத் துப்பாக்கியில தோட்டாக்கள் குழாய்க்குள்ள ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா வரிசையா நிக்கும், கூர் மூக்கு இருந்தா முன்னாடி தோட்டாவோட பிரைமரைக் குத்தி உள்ளேயே வெடிக்கலாம். அதனால தட்டை மூக்கு செம்புக் குண்டுதான் வாங்கணும். செம்பு ஈயத்தைவிட எடை குறைவு, அதே எடைக்கு குண்டு நீளமாகும். பழைய குழல் அதை ஒழுங்காச் சுழற்றுதான்னு அட்டையில சுட்டுப் பார்த்துதான் தெரிஞ்சுக்கணும்.

குழலைச் சுத்தமாத் துடைச்சுட்டு, ஐம்பது கஜத்துல அட்டை வச்சு, தாங்கு வச்சு, மூணு மூணா சுடணும். தாத்தாவோட ஈயக்குண்டு விழுந்த இடத்துல இது விழாது, கொஞ்சம் மேலேயோ கீழேயோ போகும். பின் சைட்டுக்கு அடியில படிக்கட்டு மாதிரி ஒரு சின்னத் தகடு இருக்கும். பெரும்பாலும் அதை ஒரு படி நகர்த்தினா போதும்.