ஐந்தாம் அட்டவணையும் சேர்வராயன் மலையும்

இந்திய அரசமைப்பின் 244(1) பிரிவைச் சார்ந்தது ஐந்தாம் அட்டவணை. பழங்குடியினர் வாழும் ‘பட்டியல் பகுதி’களில் சட்டம் இயற்றும் அவைகளின் அதிகாரத்துக்கு அது வரம்பு கட்டுகிறது. நாடாளுமன்றமோ சட்டமன்றமோ இயற்றிய சட்டம் அங்கே பொருந்தாது என்றோ, திருத்தங்களுடன் பொருந்தும் என்றோ ஆளுநர் அறிவிக்கலாம். குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு, பழங்குடியினர் நிலம் கைமாறுவதைத் தடுக்கும் விதிகளையும் ஆளுநர் இயற்றலாம். 1997-இல் சமதா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆந்திரப் பட்டியல் பகுதிகளில் தனியாருக்குச் சுரங்கக் குத்தகை தருவதைத் தடுத்தது.

10 மாநிலங்களில் பட்டியல் பகுதிகள் உள்ளன. தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. அதனால் சேர்வராயன் மலையில், ஏற்காடு வட்டத்துக் கரடியூர் போன்ற மலையூர்களுக்கு இந்தக் காப்பும், பட்டியல் பகுதிகளுக்குப் பஞ்சாயத்து முறையை விரிவாக்கிய 1996-ஆம் ஆண்டுப் பெசா சட்டமும் எட்டவில்லை. பாக்சைட் தோண்டப்பட்ட மலைத்தொடர் இது என்பதை நினைத்தால், இழப்பு சிறிதன்று.

பட்டியல் பகுதி இல்லாவிட்டாலும், சேலம் மாவட்ட மலைகளில் வாழும் மலையாளிகள் என்னும் சமூகத்தினர் பட்டியல் பழங்குடியினர். 342-ஆம் பிரிவின்படி, அறிவிக்கப்பட்ட அந்தப் பட்டியலை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு மட்டுமே உண்டு. மாநில அரசு தொட முடியாது. ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இங்கும் செல்லும். வன உரிமைக் கோரிக்கைகளைப் பெற்று ஆராயும் பணியைத் தொடங்கும் அதிகாரத்தை அது கிராம சபைக்கே தருகிறது.