சேது சாலையிலிருந்து பச்சை பஸ் வரை

கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன வாரம் நம் குடும்பக் குழுவில் நடந்த வாக்குவாதத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஜெர்மனியில் மேற்படிப்பு படிக்கும் நம் வீட்டுப் பிள்ளை ஒருத்தி, விடுமுறையில் தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு பெர்லின், பிராக், வியன்னா, புடாபெஸ்ட் என்று பஸ்ஸிலேயே தனியாகச் சுற்றிவரப் போவதாக எழுதினாள். அவள் அப்பாவும் என்னிடம் படித்தவர்தான். "காசு இருந்தால் நாலு பேரோடு போ. காசு இல்லையென்றால் இருந்த இடத்தில் இரு" என்று பதில் போட்டார். அப்பத்தா குரல் பதிவில் ஒரே வரிதான் சொன்னார்: "நம்ம வம்சத்துல இல்லாத பழக்கம்." பிறகு எல்லாரும் சேர்ந்து, "வாத்தியார் சொல்லட்டும்" என்று என் பக்கம் தள்ளிவிட்டார்கள்.

தீர்ப்புச் சொல்ல நான் நாட்டாமை இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் வரலாறு நடத்தியவன். ஆகவே அந்த 'இல்லாத பழக்கம்' என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நாம் இருக்கும் இடம் எது? ராமநாதபுரம் சீமை. சேதுவுக்குப் போகிறவர்கள் நடந்த மண். ரயில் வருவதற்கு முன்பு காசியிலிருந்தும் மராட்டிய தேசத்திலிருந்தும் வந்தவர்களில் பெரும்பாலோர் கால்நடைதான். ஒரு மூட்டை, ஒரு செம்பு, ஒரு கம்பு. மண்டபம் வரை நடந்து, அங்கிருந்து தோணியில் பாம்பன் போய், மறுபடியும் நடை. மாதக்கணக்கில் நடக்கிற ஆளுக்குக் கையில் எவ்வளவு காசு இருந்துவிட முடியும்? வழியெல்லாம் இருந்த மடங்களும் சத்திரங்களும்தான் அவர்களைத் தாங்கின. மண்டபம், தங்கச்சிமடம், அக்காள்மடம் என்று நாம் பஸ் ஜன்னலில் படித்துக்கொண்டே கடக்கிற பெயர்களை ஒரு தடவை நிறுத்திச் சொல்லிப் பாருங்கள். எல்லாமே தங்குமிடத்தின் பெயர்கள். சேதுபதிகள் இதற்கென்று ஊர் ஊராக மானியம் விட்டிருந்தார்கள்.

வடக்கே தஞ்சாவூர் மராட்டிய மன்னர்களும் இதே சேது சாலையில் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி கட்டிய முத்தம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. 1799இல் தஞ்சை நிர்வாகம் கம்பெனி கைக்குப் போனதும், சத்திர வருமானத்துக்கு ஆபத்து வருமோ என்று சரபோஜி பயந்தார். 1801இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்குக் கடிதம் எழுதினார். என்னைக் கேட்டால் பிளஸ் டூ பாடத்தில் சேர்க்கவேண்டிய கடிதம் அது. யார் வந்தாலும் சோறு. சமைத்த சோறு சாப்பிடாதவர்களுக்கு அரிசியும் சாமானும். நடு இரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது உண்டா என்று கூப்பிட்டுப் போடுவார்கள். நோயில் விழுந்தவருக்கு வைத்தியம். கைக்குழந்தைக்குப் பால். வழியில் பிரசவ வலி கண்ட பெண்ணுக்குச் சத்திரத்திலேயே பேறுகால கவனிப்பு. இறந்துபோனால் அவரவர் முறைப்படி சடங்கு. இதையெல்லாம் வரிசையாக எழுதி, இதை நிறுத்திவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்.

சாதி பார்த்துத் தனிச் சமையல், தனிப் பந்தி எல்லாம் அங்கேயும் இருந்தது. அதை மறைத்துப் பெருமை பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பிரசவத்துக்கும் பாலுக்கும் ஏற்பாடு இருந்தது என்றால், அந்தச் சாலையில் பெண்களும் நடந்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? அப்பத்தா தினமும் கும்பிடுகிற காரைக்கால் அம்மையாரும் வீட்டை விட்டுத் தனியாகக் கயிலாயம் வரை போனதாகத்தான் பெரியபுராணம் சொல்கிறது. துணைக்கு யார் போனார்கள் என்று அப்பத்தாவைக் கேட்டுப் பார்க்கலாம். (கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.)

அடுத்து, பாம்பனில் இறங்கிய ஒருவர். 1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் கரை இறங்கியதும், பாஸ்கர சேதுபதி எதிர்கொண்டு வரவேற்றதும் நம் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதற்கு நான்கு வருஷம் முன்பு அவர் எப்படிப் போனார் என்பதை யாரும் பேசுவதில்லை. 1893 மே கடைசியில் பம்பாயில் கப்பலேறி, ஜப்பான் வழியாக வான்கூவர் போய், ஜூலை கடைசியில் சிகாகோ போய்ச் சேர்ந்தார். சபை கூடுவது செப்டம்பரில் என்பது அங்கே போன பிறகுதான் தெரிகிறது. கையில் இருந்த பணம் சிகாகோ ஓட்டல் வாடகைக்குக் கரைகிறது. என்ன செய்தார்? செலவு குறைவு என்று கேள்விப்பட்டு பாஸ்டன் பக்கம் ரயிலேறினார். ரயிலில் பழக்கமான ஒரு அம்மாள் தன் வீட்டில் தங்க இடம் கொடுத்தார். அங்கே கிடைத்த ஒரு பேராசிரியரின் அறிமுகத்தால்தான் சபையில் பேசும் வாய்ப்பே வந்தது. திரும்பச் சிகாகோ வந்து, போகவேண்டிய முகவரியைத் தொலைத்துவிட்டு, ஒரு இரவு ரயில்வே யார்டில் காலிப் பெட்டிக்குள் படுத்திருந்தார் என்கிறது அவர் வரலாறு. நாம் படம் மாட்டிக் கும்பிடும் அந்தப் பயணம் முழுக்க இப்படிக் கையைக் கடித்த பயணம்தான்.

இனி, நான் நிறையச் சொல்ல ஆசைப்படும் ஆள். நம் பழைய ராமநாதபுரம் மாவட்டத்துக் கோட்டையூரில் 1911இல் பிறந்தவர். கருப்பன் செட்டியார் என்பது பெயர். ஊர் அறிந்த பெயர் ஏ.கே. செட்டியார். (சிவகங்கை தனி மாவட்டமானது 1985இல்தான். அதனால் அவரை நம் மாவட்டத்துக்காரர் என்று உரிமை கொண்டாட எனக்குப் பாத்தியதை உண்டு. சிவகங்கைக்காரர்கள் சண்டைக்கு வரவேண்டாம்.)

பர்மாவில் 'தனவணிகன்' பத்திரிகையில் ஆசிரியராக இருந்தார். தோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தார். 1937 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாள். நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகிற கப்பலில் தனியாக உட்கார்ந்திருந்தபோது, காந்தியைப் பற்றி ஒரு முழு ஆவணப்படம் எடுக்கவேண்டும் என்ற எண்ணம் வந்தது. அப்போது அவருக்கு இருபத்தாறு வயது நிரம்பவில்லை. பின்னால் பெரிய நிறுவனம் இல்லை, அரசாங்கம் இல்லை. காந்தியை யார் யார் எந்தக் காலத்தில் படம் பிடித்தார்களோ அவர்களைத் தேடி லண்டன், ஐரோப்பா, தென்னாப்பிரிக்கா என்று அலைந்தார். சுமார் ஒரு லட்சம் மைல். சேர்த்த படச்சுருள் ஐம்பதாயிரம் அடி. அதைச் சுருக்கித் தொகுத்து 1940 ஆகஸ்டில் தமிழில் வெளியிட்டார். நடுவில் உலகப் போரே தொடங்கிவிட்டது. இந்தத் தேடலைப் பிறகு எழுதினார். இப்போது 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்ற புத்தகமாகக் கிடைக்கிறது.

அவர் எழுத்தில் எனக்குப் பிடித்தது வேறு. பாரிஸ் போனாலும் லண்டன் போனாலும் கோபுரத்தையும் அரண்மனையையும் அதிகம் வர்ணிக்க மாட்டார். ரயிலில் எதிர் சீட்டில் இருந்தவர் என்ன பேசினார், ஓட்டலில் வேலை செய்பவர் எப்படி நடந்துகொண்டார் என்றுதான் எழுதுவார். 'நான்' என்ற சொல்லே அபூர்வம். தன் படம் வெளிவருவதைக்கூட விரும்பாத கூச்ச சுபாவி. 1943 முதல் 1983இல் இறக்கும் வரை 'குமரி மலர்' பத்திரிகையை நடத்தினார். தமிழர்கள் நூறு வருஷத்தில் எழுதிய பயணக் கட்டுரைகளைத் தேடிப் பிடித்துத் தொகுத்தும் போட்டார். கூட்டமாகப் போகிறவர் கூட வந்தவர்களோடுதான் பேசிக்கொண்டிருப்பார். தனியாகப் போனவருக்கு அடுத்த சீட்டுக்காரரிடம் பேசுவதைத் தவிர வழியில்லை. செட்டியாரின் புத்தகங்கள் அப்படி விளைந்தவை என்று நான் நினைக்கிறேன்.

படகு ரயிலையும் இங்கே சொல்லியாகவேண்டும். 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின், எழும்பூரில் ஒரே டிக்கெட் எடுத்து, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயிலேறிக் கொழும்பு போய்விடலாம். 1964 டிசம்பர் புயல் வரை நம் பக்கத்துப் பல குடும்பங்களுக்கு மதுரையைப் போல கொழும்பும் பழகிய ஊர்தான். ஆனால் தேயிலைத் தோட்டத்துக்குப் போன பெண்களையும் ஆண்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். கங்காணியும் கடனும் கூட்டிப்போன பயணம் அது. மண்டபம் முகாமில் அடைத்து வைத்துச் சோதித்து அனுப்பினார்கள். விரும்பிப் போவதும் வேறு வழியில்லாமல் போவதும் ஒன்றல்ல.

இப்போது ஐரோப்பா. அங்கே ஏழை மாணவன் தங்கும் விடுதி எப்படி வந்தது தெரியுமா? நம்ம இனத்தைச் சேர்ந்த ஒருவரால். அதாவது ஒரு பள்ளி வாத்தியாரால். ரிச்சர்ட் ஷிர்மான் என்று பெயர். 1909 ஆகஸ்டில் பிள்ளைகளைப் பல நாள் நடைப்பயணமாகக் கூட்டிப் போனார். ஒருநாள் இடியும் மழையுமாகப் பிடித்துக்கொள்ள, ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வைக்கோல் பரப்பிப் படுத்தார்கள். பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள், வாத்தியார் தூங்கவில்லை. விடுமுறையில் காலியாகக் கிடக்கும் பள்ளிக்கூடங்களை ஏன் இப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று யோசித்துக்கொண்டே இருந்தார். 1912இல் ஆல்டெனா என்ற ஊரின் பழைய கோட்டையில் முதல் நிரந்தர இளைஞர் விடுதி வந்தது. 1932இல் பல நாட்டு விடுதிகள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தன; பிறகு அதற்கு அவரே தலைவராக இருந்தார். பிறகு நாஜிகள் விடுதிகளைப் பிடித்துக்கொண்டு அவரை விலக வைத்தார்கள். போருக்குப் பின் அவர் மறுபடியும் அந்த வேலையிலேயே இறங்கினார். நம் சத்திரத்துக்கும் இந்த விடுதிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே கொஞ்சம் காசு வாங்குவார்கள். மற்றபடி முன்பின் தெரியாத எட்டுப் பேர் ஒரே அறையில் படுத்தெழுவது இரண்டுக்கும் பொது.

பஸ் கதை சின்னது. 1957 ஏப்ரலில் லண்டனிலிருந்து இருபது பயணிகளோடு கிளம்பிய ஒரு பஸ் ஜூன் தொடக்கத்தில் கல்கத்தா வந்தது. ஒருவழிக் கட்டணம் 85 பவுன். அந்தத் தரைவழி 1979இல் ஈரானிலும் ஆப்கானிஸ்தானிலும் நடந்தவற்றால் அடைபட்டது. ஜெர்மனிக்குள்ளேயோ, ரயில்வேக்குப் போட்டி வரக்கூடாது என்று 1930களில் போட்ட சட்டம் தொலைதூர பஸ்களைக் கிட்டத்தட்டத் தடுத்தே வைத்திருந்தது. 2013 ஜனவரியில்தான் அது தளர்ந்தது. நம் பிள்ளை ஏறப்போகும் பச்சை நிற ஃப்ளிக்ஸ்பஸ் அந்த வருஷம் ஓட ஆரம்பித்ததுதான். முன்கூட்டியே பதிவு செய்தால் டிக்கெட் மலிவு, கடைசி நாளில் ஏறிவிடும். ராத்திரி பஸ்ஸில் போனால் ஒரு இரவு வாடகை மிச்சம். ராமநாதபுரத்திலிருந்து சென்னைக்கு ராத்திரி வண்டி பிடிக்கிற நமக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எல்லாம் சுலபம் என்று சொல்லவில்லை. ஜெர்மன் வசிப்பு அட்டை இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளுக்குத் தனி விசா இல்லாமல், 180 நாளில் 90 நாள் வரை போய்வரலாம். ஆனாலும் பாஸ்போர்ட்டையும் அட்டையையும் உடம்போடு வைத்திருக்கவேண்டும். எல்லையில் திடீரென்று பஸ்ஸை நிறுத்திப் பார்ப்பார்கள். விடுதியில் பெண்களுக்கு மட்டுமான அறை கேட்டுப் பதிவு செய்யலாம். பூட்டு கையோடு கொண்டுபோக வேண்டும். நள்ளிரவில் போய் இறங்குகிற வண்டியைத் தவிர்த்து, விடிந்தபின் இறங்குகிற வண்டியாகப் பார்த்து ஏறவேண்டும். பெரிய பஸ் நிலையங்களில் ஜேப்படி உண்டு, நம்மூர்த் திருவிழா மாதிரி. இதையெல்லாம் அவளுக்குத் தனியாக எழுதினேன். பாதிக்கு மேல் ஏற்கெனவே தெரியும் என்று பதில் வந்தது.

அவள் அப்பாவின் பயம் நியாயமானது. பெண்பிள்ளையைப் பெற்றவன் தூரத்தில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருப்பது சின்ன வேதனை இல்லை. ஆனால் தம்பி, பயத்தை பயம் என்றே சொல்லுங்கள். அதற்குப் பதில் இருக்கிறது: ஒவ்வொரு ஊரிலும் இறங்கியதும் ஒரு வரி, விடுதியின் முகவரி, அடுத்த பஸ்ஸின் நேரம். 'காசில்லாதவன் ஊர் சுற்றக் கூடாது', 'நம்ம வம்சத்தில் இல்லை' என்பவற்றை மட்டும் விட்டுவிடுங்கள். அவை இரண்டையும் இந்த மண்ணின் வரலாறு ஒத்துக்கொள்ளாது.

ஒரு வேண்டுகோள். தெற்கே திருச்செந்தூர்ப் பக்கமிருந்து சாயல்குடி, ஏர்வாடி, கீழக்கரை வழியாக ராமேஸ்வரம் நடந்துபோனவர்களைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஏதாவது சொல்லக் கேட்டிருந்தால் கீழே எழுதுங்கள். எந்த ஊரில் தங்கினார்கள், யார் சோறு போட்டார்கள், கூட யார் போனார்கள் என்ற விவரம் வேண்டும். படகு ரயில் டிக்கெட்டோ கொழும்புக் கடிதமோ டிரங்குப் பெட்டியில் கிடந்தால் படம் எடுத்துப் போடுங்கள். குறிப்பாகத் தனியாகப் போன அப்பத்தாக்கள், அம்மாச்சிகள் யாராவது உண்டா என்று கேட்டு எழுதுங்கள். கடலாடிப் பக்கத்துக்காரர்கள் முதலில் எழுதினால் சந்தோஷம்.